டிஜிட்டல் ஓவியருக்கும் ஒரு ஸ்கெட்ச் நோட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்காகத் தாங்கள் வெளியிட்ட வழிகாட்டி இணைப்பில் அனிமேஷன், கேம் ஆர்ட், விளம்பர ஓவியம் ஆகிய துறைகள் பற்றிய கட்டுரையைப் படித்தோம். எந்த மென்பொருள், கணினிக்கு எவ்வளவு ரேம், எந்த அளவு வரையும் டேப்லெட் என்று எல்லாம் விவரமாக இருந்தன. ஆனால் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஓர் ஓவியர் தனக்காக, யாரும் கேட்காமல், தினமும் வரைய வேண்டும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தத் தொழிலில் பத்து ஆண்டு தாண்டி நிற்பவரையும் மூன்றாம் ஆண்டிலேயே தேங்கிப்போகிறவரையும் பிரிப்பது பெரும்பாலும் இந்தப் பழக்கம்தான் என்பதால் இந்தக் கடிதம்.

ஸ்டுடியோவில் நடப்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒரு தொடருக்கோ விளையாட்டுக்கோ வேலை செய்பவர் மாதக்கணக்கில் ஒரே பாணியில் வரைகிறார். கண் இவ்வளவு பெரிது, கோடு இவ்வளவு தடிமன், நிழலுக்கு இந்த இரண்டு நிறம் என்று மாடல் ஷீட் (பாத்திரத்தை எப்படி வரைய வேண்டும் என்று காட்டும் மாதிரித் தாள்) சொல்லிவிடும். கை அந்தப் பாணியில் வேகம் பிடிக்கும். மற்றதை எல்லாம் மெல்ல மறக்கும். கருவியும் அதற்குத் துணைபோகிறது. கண் ஒரு மில்லிமீட்டர் மேலே போய்விட்டதா, லாஸோ என்ற தேர்வுக் கருவியால் வளைத்துக் கீழே இழுத்துவிடலாம். கோடு நடுங்கினால் ஸ்டெபிலைசர் நேராக்கும். தப்பினால் அண்டூ. வேலை நேரத்தில் இவை எல்லாமே தேவை, இவை இல்லாமல் கெடுவுக்குள் எதையும் முடிக்க முடியாது. ஆனால் கோடு போடுவதற்கு முன்பே கண்ணால் அளந்து முடிவெடுக்கும் பழக்கம் இதனால் தளர்ந்துவிடுகிறது. இன்னொன்று ஜூம். 300 சதவீதத்தில் பெரிதாக்கிப் பொத்தானையும் புருவத்தையும் ஒரே சிரத்தையோடு வரைந்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், படத்தில் எங்கே பார்ப்பது என்றே தெரியாது. எல்லா இடமும் சமமாகக் கத்தும்.

இதற்கு மருந்து ஒரு சாதாரண நோட்டு. ஏ5 அளவு, அதாவது 148 × 210 மில்லிமீட்டர், தோள்பையில் அடங்கும். நின்றுகொண்டே ஒரு கையில் பிடித்து வரையலாம். பென்சிலுக்கும் பால்பாயிண்ட் பேனாவுக்கும் 100 முதல் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் போதும். வாட்டர் கலர் வாஷ், அதாவது நீர்த்த நிறப்பூச்சு, போடுவதானால் 200-க்கு மேல் வேண்டும், இல்லாவிட்டால் தாள் படகுபோல வளையும். விலை உயர்ந்த நோட்டைத் தொடக்கத்தில் வாங்காதீர்கள். பக்கம் வீணாகிவிடுமே என்ற பயம் வந்துவிட்டால் கை இறுகிவிடும். 75 ஜிஎஸ்எம் ஏ4 காப்பியர் தாள் 16 எடுத்து நடுவில் மடித்து, மடிப்பில் மூன்று துளை போட்டுக் கெட்டி நூலால் தைத்தால் 64 பக்க ஏ5 நோட்டு தயார். மை பின்பக்கம் தெரியும் என்பதால் ஒரு பக்கத்தில் மட்டும் வரைந்தாலும் 32 பக்கம் கிடைக்கிறது. பழைய காலண்டர் அட்டையை மேலுறையாகவும் கைப்பலகையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

பேனாவைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண பால்பாயிண்ட் பேனாவே பயிற்சிக்கு மிக நல்லது. மெல்லப் பிடித்தால் சாம்பல் நிறம், அழுத்தினால் கறுப்பு. ஷேடிங் முழுவதும் கையின் அழுத்தத்தில்தான் இருக்கிறது. அழிக்கவும் முடியாது. முனையில் மை திரளும், ஆகவே பக்கத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்து அவ்வப்போது துடைக்க வேண்டும். ஓவியக் கடைகளில் விற்கும் பிக்மென்ட் பேனாக்களில் சில பிராண்டுகள் போடும் எண்கள் மில்லிமீட்டர் கணக்கு அல்ல: 01 என்று போட்டிருப்பது ஏறக்குறைய 0.25, 05 என்பது 0.45 மில்லிமீட்டர். ஒரு 05, ஒரு பிரஷ் பேனா, இரண்டே போதும். ஃபவுண்டன் பேனாவில் நிரப்பும் சாதாரண மை தண்ணீர் பட்டால் கரையும். அதன் மேல் வாஷ் போட்டால் முகம் நீலமாகிவிடும். அதற்காகப் பாட்டிலில் விற்கும் வாட்டர்புரூஃப் இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றவும் கூடாது. அது உலர்ந்து உள்வழியை அடைத்துவிடும், பிறகு பேனாவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அது தொட்டு எழுதும் நிப்புக்கும் தூரிகைக்கும் உரியது.

சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் வெயிலையும் ஈரத்தையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். மே மாதத்தில் வாஷ் பரவுவதற்குள் காய்ந்து ஓரத்தில் கடினமான கோடு விழும். தாளை முதலில் லேசாக நனைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் தாளே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். முதல் வாஷ் காயாமலே இரண்டாவதைப் போட்டால் நிறம் சேறாகும். உள்ளங்கை வியர்வை பென்சிலைத் தேய்த்துவிடும் என்பதால் கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் எப்போதும் இருக்கட்டும்.

நேரத்துக்கு வருவோம். தினம் 30 நிமிடம் போதும். 30 விநாடிப் படங்கள் பத்து, ஒரு நிமிடப் படங்கள் ஐந்து, இரண்டு நிமிடப் படங்கள் ஐந்து, ஐந்து நிமிடப் படங்கள் இரண்டு: கூட்டிப் பார்த்தால் சரியாக அரை மணி நேரம். நீளமாக வரைந்துவிட்டுக் கடைசியில் வேகப்படம் போடுவதைவிட இந்த வரிசையே சிறந்தது, ஏனென்றால் முதல் பத்துப் படங்களில் நுணுக்கத்துக்கு நேரமே இல்லை. உடல் எங்கே எடையை வைத்திருக்கிறது என்பதை மட்டும்தான் பிடிக்க முடியும். கழுத்துக் குழியிலிருந்து எடை தாங்கும் பாதம் வரை ஒரு கோடு, தோள்களின் சாய்வுக்கு ஒன்று, இடுப்பின் சாய்வுக்கு ஒன்று. இந்த மூன்று கோடும் சரியாக விழுந்தால் முகம் இல்லாமலே ஆள் நிற்பார். புதியவர்கள் செய்யும் தவறு முகத்தில் தொடங்குவது. தலை அழகாக வரும், பாதத்துக்குத் தாளில் இடம் இருக்காது. உச்சிக்கு ஒரு புள்ளி, குதிகாலுக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டுத் தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

யாரை வரைவது என்று பலர் கேட்கிறார்கள். அசையாமல் உட்கார்ந்திருப்பவரைத் தேட வேண்டாம். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்பவரைத் தேடுங்கள். டீ ஆற்றுபவர், பரோட்டா வீசுபவர், இஸ்திரி போடுபவர், பூக் கட்டுபவர். டீ மாஸ்டர் கையைத் தூக்கும் நிலை சில விநாடிகளில் மறுபடி வரும். ஒரே பக்கத்தில் அந்த அசைவின் முக்கியமான நான்கு நிலைகளைத் தொடங்கிவைத்து, எந்த நிலை திரும்பி வருகிறதோ அந்தப் படத்தில் இரண்டு கோடு சேர்த்துக்கொண்டே போகலாம். அனிமேஷனில் கீ போஸ் என்று சொல்வது இந்த முக்கிய நிலைகளைத்தான்.

உடையைத் தனியாகக் கவனிக்கச் சொல்வோம். இணையத்தில் கிடைக்கும் துணிமடிப்புப் பாடங்களில் பெரும்பாலானவை கோட்டுக்கும் பேண்ட்டுக்கும் உரியவை. புடவை வேறு மாதிரி விழுகிறது. இழுவிசை மூன்று இடங்களில் இருக்கிறது: தோளில் முந்தானை தங்கும் இடம், இடுப்பில் சுற்று வரும் இடம், கொசுவம் செருகிய இடம். மடிப்புகள் அங்கிருந்து விசிறிபோலக் கிளம்ப வேண்டும். எல்லா மடிப்பையும் இணைகோடுகளாக வரைந்தால் புடவை தகரக் கூரைபோலத் தெரியும். மடித்துக் கட்டிய வேட்டியிலும் கோடுகள் இடுப்பு முடிச்சிலிருந்துதான் தொடங்கும். நடக்கும்போது முன்காலின் முட்டியில் ஒரு புதிய இழுவிசை சேரும். பஸ் ஸ்டாப்பில் ஒரு வாரம் இதை மட்டும் வரைந்தவருக்கு, திரையில் புடவை கட்டிய பாத்திரம் வரும்போது ரெஃபரன்ஸ் தேடி அலைய வேண்டியிருக்காது.

பொது இடத்தில் வரையும்போது மரியாதை முக்கியம். ஒருவர் கவனித்துவிட்டால் மறைக்காமல் நோட்டைக் காட்டிவிடுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் படத்தை நிறுத்திவிடுங்கள். குழந்தைகளைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வரையாதீர்கள்.

விடுமுறை நாளில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள் கூடம் ஒரு நல்ல பள்ளி. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைக்கவும். அங்கே பேனாவும் மையும் வேண்டாம், பென்சில் போதும். சோழர் காலத் திருமேனிகளில் உடல் எடை ஒரு காலில் விழ, இடுப்பும் தோளும் எதிரெதிராகச் சாய்வதைப் பார்க்கலாம். தெருவில் 30 விநாடியில் தேடிய அதே மூன்று கோடுகள் இங்கே அசையாமல் நிற்கின்றன. அளவுகளையும் படிக்கலாம். சிற்ப நூல்களின் நவதாளம் என்பது 9 தாளம், தாளத்துக்கு 12 அங்குலம், ஆக 108 அங்குலம். உத்தம தசதாளத்துக்கு 124. இங்கே ஒரு குழியில் பலர் விழுகிறார்கள்: தாளம் என்பது முகத்தின் நீளம், மயிர் தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை. இன்றைய ஓவியப் பாடங்களில் ஏழரைத் தலை, எட்டுத் தலை என்று சொல்வது உச்சியிலிருந்து மோவாய் வரை. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு ஒன்பது தலை வைத்து வரைந்தால் உருவம் தேவைக்கு மேல் நீண்டுவிடும். 'அங்குலம்' என்பதும் இன்ச் அல்ல, அந்தச் சிலையின் உயரத்துக்கு ஏற்ப மாறும் அலகு.

கட்டடம் வரைபவர்கள் முதலில் கண்மட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நோட்டைக் கிடைமட்டமாகக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். மேல் அட்டையும் தெரியாமல் கீழ் அட்டையும் தெரியாமல் விளிம்பு மட்டும் தெரிகிற உயரம்தான் கண்மட்டம். சமதளமான மாட வீதியில் நீங்கள் நின்று வரைந்தால், கிட்டத்தட்ட உங்கள் உயரமுள்ள எல்லோருடைய தலையும், பக்கத்தில் இருந்தாலும் தேரடியில் இருந்தாலும், அந்தக் கோட்டின் மேல்தான் வரும். பாதங்கள் மட்டுமே மேலேறும். தூரத்தில் இருப்பவர் சிறியவர்தானே என்று தலையைக் கீழே இறக்கினால் அவர் பள்ளத்தில் நிற்பதாகத் தெரியும். கோபுரத்தை வரைவதானால் சிலைகளில் தொடங்காதீர்கள், கலசத்துக்கு இடம் இருக்காது. கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அடிநிலையின் அகலத்தை அளந்து, உயரம் அதுபோல எத்தனை மடங்கு என்று பார்த்து, முதலில் வெளிக்கோட்டைக் குறித்துவிட வேண்டும். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். அளவு தப்புவதற்கு இதுவே முதல் காரணம். ஆனந்த விகடனுக்காக ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிலையின் முன்னாலேயே உட்கார்ந்து வரைந்த படங்களைப் பழைய இதழ்களில் பாருங்கள். அந்த நகை வேலைப்பாட்டுக்குக் கீழே அளவு எங்கும் பிசகியிருக்காது.

ஒளியைப் படிக்கக் காலை ஏழு முதல் ஒன்பது, மாலை நான்கு முதல் ஐந்தரை. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். சுவர்களில் ஒளிப்பக்கம், நிழல்பக்கம் என்று பிரியாது, முகத்தில் கண்குழி மட்டும் கறுக்கும், வடிவம் தட்டையாகிவிடும். மற்ற நேரத்தில் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், நுணுக்கம் மறைந்து திட்டுகள் மட்டும் மிஞ்சும். அவற்றைத் தாளின் வெள்ளை, ஒரு நடுச்சாம்பல், ஒரு கறுப்பு என்று மூன்றே தொனியில் பிரிக்க வேண்டும். மூன்றில் நிற்காத படம் முப்பது தொனி சேர்த்தாலும் நிற்பதில்லை. இதற்கு 64 × 36 மில்லிமீட்டர் பெட்டி போட்டுக்கொண்டால் திரையின் 16:9 விகிதமே கிடைத்துவிடும். பின்னால் பின்னணி ஓவியத்துக்கு அப்படியே தம்ப்நெயிலாக, அதாவது சிறு முன்வரைவாக, பயன்படும்.

போட்டோ எடுத்து வீட்டில் வரையலாமே என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செல்போனின் முதன்மை லென்ஸ் அகலக்கோண வகை. அதைக்கொண்டு ஒருவரைக் கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெருக்கும், காது பின்வாங்கும். சட்டத்தின் ஓரத்தில் இருப்பவர் பக்கவாட்டில் இழுபடுவார். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுத்தால் பெருமளவு சரியாகும். நிழலுக்குள் இருக்கும் நிறங்களை மட்டும் கேமரா தப்பாகத்தான் காட்டும், அதை நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏஐ படங்களை ரெஃபரன்ஸாக வைத்துப் பயில்வதை நாங்கள் ஏற்பதில்லை. இரண்டு பொருளின் நிழல் இரண்டு பக்கம் விழுந்திருக்கும், மடிப்பு எங்கிருந்தோ தொடங்கி எங்கோ காணாமல் போகும். கண் இன்னும் பழகாதவர் அந்தப் பிழைகளையே பாடமாக எடுத்துக்கொள்வார்.

டேப்லெட்டிலேயே ஸ்கெட்ச் செய்யக் கூடாதா என்றால், செய்யலாம், கட்டுப்பாடுகளோடு. ஒரே லேயர் (அடுக்கு), ஒரே பிரஷ், ஸ்டெபிலைசர் பூஜ்யம், படம் முழுவதும் திரையில் தெரியும் அளவு, அண்டூ கிடையாது. கிருத்தா போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். திரை இல்லாத டேப்லெட் (வரைவது கணினியின் மானிட்டரில் தெரியும் வகை) வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும்: டேப்லெட்டின் வரைபரப்பு 16:10 ஆகவும் மானிட்டர் 16:9 ஆகவும் இருந்தால், கை வட்டம் போட்டாலும் திரையில் சற்றே அகன்ற நீள்வட்டம்தான் வரும். டிரைவர் அமைப்பில் விகிதத்தைப் பூட்டும் வசதி இருக்கும், அதைப் போட்டுவிட வேண்டும். இதைச் செய்யாமல் பல மாதம் பழகியவரின் கை அந்தக் கோணலுக்கே பழகியிருக்கும். தாளில் வரையும்போது முகம் ஒடுங்கி நீளும், காரணமே தெரியாது. தொனியைச் சோதிக்க, எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு நிரப்பிய ஒரு லேயரை வைத்து அதன் பிளெண்ட் மோடை (கீழே உள்ள லேயர்களோடு கலக்கும் முறையை) 'கலர்' ஆக்கினால் படம் கறுப்பு வெள்ளையில் தெரியும். சிவப்புப் புடவையும் பச்சைச் சுவரும் ஒரே சாம்பலாகக் கலந்துபோவது அப்போதுதான் கண்ணில் படும்.

தொடர்ந்து கற்பது என்றதும் இன்னொரு ஆன்லைன் கோர்ஸுக்குப் பணம் கட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு மணி நேர வீடியோவுக்கு மூன்று மணி நேரமாவது வரையாவிட்டால் பார்த்தது தங்காது. எங்கள் பரிந்துரை நினைவுப் பயிற்சி. ஒரு பொருளைப் பத்து நிமிடம் பார்த்து வரையுங்கள். நோட்டை மூடிவிட்டு மறுநாள் பார்க்காமல் வரையுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, தவறிய இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அந்த இடங்களை மட்டும் மறுபடி நேரில் பாருங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிழைக் கணக்கு எழுதுங்கள்: தேதி, பிழை, காரணம். உதாரணமாக, 'தலை குனிந்தவருக்குக் காது தாழ்ந்துவிட்டது' என்று ஒரு மாதத்தில் நான்கு முறை வந்தால், தலை குனியும்போது கண்மூக்கோடு ஒப்பிடக் காது மேலே போகும், அண்ணாந்தால் கீழே இறங்கும் என்ற விதி இன்னும் கையில் ஏறவில்லை என்று பொருள். அடுத்த இரண்டு வாரம் அதை மட்டும் வரைய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு பாடம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு நான்கு: கைகள், துணி, மரங்கள், உள்ளறை ஒளி என்று அவரவர் பலவீனத்தைப் பொறுத்து. பத்திரிகை ஓவியர் கோபுலு அவர்கள் பக்கவாதத்தால் வலது கை முடங்கிய பிறகு இடது கையால் வரையப் பழகினார். அத்தனை ஆண்டுப் புகழுக்குப் பிறகும் மறுபடி அரிச்சுவடியில் உட்கார அவர் தயங்கவில்லை.

இந்த நோட்டை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறோம். பிறர் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்த உடனே ஓவியர் தனக்கு வருவதை மட்டும் வரையத் தொடங்குகிறார், வராதது வராமலே போய்விடுகிறது. காட்டுவதற்கு வேறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்பவர்கள் ஒப்பந்தத்தையும் படிக்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், ஊழியர் தன் பணியின் பகுதியாக உருவாக்கும் படைப்புக்கு முதல் உரிமையாளர் நிறுவனமே. சொந்த நேரத்தில் சொந்தத் தாளில் வரைந்தவை அதில் சேராது என்றாலும், சில ஒப்பந்தங்கள் பணிக்காலத்தில் வரையும் அனைத்தையும் கேட்கின்றன. 'பணி நேரத்துக்கு வெளியே, நிறுவனத்தின் கருவிகள் இல்லாமல் வரைந்தவை ஊழியருக்கே உரியவை' என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். பதிலுக்கு நீங்களும், வெளிவராத திட்டத்தின் பாத்திரங்களைச் சொந்த நோட்டில் வரையாதீர்கள்; நோட்டு ரயிலில் தொலைந்தால் பொறுப்பு உங்களுடையது.

ஸ்டுடியோ நடத்துபவர்கள் வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு விட்டுக்கொடுக்கலாம். ஒருவர் ஆடையோடு மாடலாக நின்றால் போதும், செலவே இல்லை. கல்லூரிகள் முதல் இரண்டு பருவத்திலாவது மென்பொருள் வகுப்புக்குச் சமமான நேரத்தைத் தாளில் நேரில் பார்த்து வரைவதற்கு ஒதுக்க வேண்டும். பெற்றோர்கள், பிள்ளை கேட்டவுடன் விலை உயர்ந்த டேப்லெட்டை வாங்காமல், நாங்கள் சொன்ன 64 பக்க நோட்டில் இரண்டு மூன்று நிரம்பிய பிறகு வாங்கித் தரலாம். அடுத்த ஆண்டு வழிகாட்டி இணைப்பு வரும்போது, மென்பொருள் பட்டியலுக்குப் பக்கத்தில் இவற்றுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அனிமேஷன், கேம் ஆர்ட் துறைகளில் பணிபுரியும் ஓவியர்கள் சிலர்,
சென்னை.